ரீச்சரைக் கேளுங்கோ: மண்ணெண்ணெய்க்கு முந்தின இரவுகள்

போன இதழில யமுனா ஏரியைப் பற்றி எழுதேக்க, பொழுதுபட்டாப் பிறகு அந்தக்காலச் சனம் என்ன வெளிச்சத்தில இருந்திருக்கும் எண்டு ஒரு வரி எழுதினன், அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதமும் வட்ஸப்பும் வரும் எண்டு நினைக்கேல்லை. அதால இந்த முறை முழுக்க விளக்குத்தான். 1500க்கும் 1800க்கும் இடைப்பட்ட காலம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, இஞ்ச யாழ்ப்பாணத்தில எங்கட அரசர், பறங்கியர் (போர்த்துக்கேயர்), ஒல்லாந்தர் எண்டு மாறி மாறி ஆண்ட காலம்.

வணக்கம் ரீச்சர். வாசிகசாலையில சங்கிலியன் நாடகம் பழகுறம். அரண்மனைக் காட்சியில அரிக்கன் லாம்பு தூக்கினால் பிழையோ? பறங்கித் தளபதியின்ர மேசையில வெள்ளை மெழுகுதிரி வைக்கலாமோ? (நாடகக் குழு, நல்லூர்)

கேட்டது நல்லதாப் போச்சு. மேடையில பிழையான விளக்கு நிண்டால் என்ர கண் அதிலயேதான் நிக்கும்.

அரிக்கன் லாம்பை எடுக்கவே வேண்டாம். நீங்கள் போடுறது 1519 தொடக்கம் 1561 வரை ஆண்ட முதலாம் சங்கிலியின்ர கதையோ, இல்லாட்டி 1619இல பறங்கியரிட்டப் பிடிபட்டு கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ரெண்டாம் சங்கிலியின்ர கதையோ எண்டு எழுதேல்லை, ஆனா விளக்கு விஷயத்தில ரெண்டு பேருக்கும் ஒரே ஏற்பாடுதான். மண்ணெண்ணெய் விளக்கு உலகத்துக்கே வந்தது 1850களில. நெருப்புக்கு மேல கண்ணாடிச் சிமிலி வைச்சு, திரியைக் குழல் மாதிரி வளைச்சு நடுவுக்குள்ளாலயும் காத்துப் போக விட்டால் வெளிச்சம் கூடும் எண்டு கண்டுபிடிச்சவர் ஆர்கண்ட் எண்ட சுவிஸ்காரர், அது 1780இல, இங்கிலாந்தில 1784இல காப்புரிமை எடுத்தவர். அதுக்கு முந்தி உலகத்தில எந்த ராசா வீட்டிலயும் சிமிலி இல்லை.

அரண்மனைக்குக் குத்துவிளக்கும் தூக்குவிளக்கும் வையுங்கோ. உள்ள இலுப்பெண்ணெய், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய் எண்டு செக்கில ஆட்டினது ஏதாவது, திரி பஞ்சு இல்லாட்டிப் பழஞ்சீலை. வெளிய போற வீரருக்குப் பந்தம், தடியில சீலை சுத்தி எண்ணெயில தோய்ச்சது, விளக்கீட்டுக்கு நாங்கள் படலையடியிலயும் கிணத்தடியிலயும் குத்துறமே, அந்தப் பந்தம்தான். கடற்கரைக் காட்சி இருந்தால் காய்ஞ்ச ஓலையைக் கட்டிச் சூள் கொளுத்துங்கோ (மேடைக்குப் பக்கத்தில ரெண்டு வாளி தண்ணி வைச்சிட்டு!).

வெள்ளை மெழுகுதிரி வேண்டாம். நாங்கள் பெட்டிக் கடையில வேண்டுறது பரபின் மெழுகு, அதுவும் 1850களுக்குப் பிறகு வந்த சாமான்தான். தளபதிக்குத் தேன்மெழுகுதிரி பொருந்தும், கத்தோலிக்கப் பூசைக்குத் தேன்மெழுகுதான் எரிக்கோணும் எண்டது அவையின்ர முறை, அதால பாதிரிமார் போன இடமெல்லாம் அதுவும் போனது. மஞ்சளாப் பாத்து வேண்டுங்கோ. ஐரோப்பாவில சாதாரண ஆக்கள் எரிச்சது மாட்டுக் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பில செய்த மெழுகுதிரி, ஆனா அது நாப்பது பாகைக்குக் கொஞ்சம் மேல போனாலே உருகும், அதுக்கு முந்தியே குழைஞ்சுபோம், எங்கட சித்திரை வெயிலுக்கு நிமிர்ந்து நிக்காது.

கையில தூக்குற லாந்தர் வேணுமெண்டால் கண்ணாடி போடாதேங்கோ. அந்தக்காலத்து ஐரோப்பிய லாந்தர் கனத்துக்கு மாட்டுக்கொம்புதான் அடைச்சவை, கொம்பை ஊறவைச்சுச் சூடாக்கி மெல்லிசாப் பிரிச்சுத் தட்டையாக்கினால் வெளிச்சம் மங்கலா ஊடுருவும், காத்துக்கும் நூராது. நீங்கள் எண்ணெய் பூசின மஞ்சள் கடதாசி ஒட்டினால் தூர இருந்து பாக்க அப்பிடியே இருக்கும்.

இன்னொண்டு, இது உங்களுக்குப் பிடிக்கும் எண்டு நினைக்கிறன். அந்தக்கால ஐரோப்பிய நாடகக் கொட்டகையளில மெழுகுதிரியின்ர கருகின திரியை வெட்டுறதுக்கெண்டே ஒரு ஆள் வேலைக்கு இருந்தவர். நாடகம் நடந்துகொண்டிருக்கேக்கயே மேடைக்கு வந்து திரியை வெட்டிப்போட்டுப் போவாராம், சனமும் அதைப் பெரிசா எடுக்காது. ஏன் வெட்டோணும் எண்டது அடுத்த பதிலில வருது.

ரீச்சர், நான் ஏ.எல். வரலாறு படிக்கிறன். வெளிநாட்டுப் படங்களில மண்டபம் முழுக்க நூற்றுக்கணக்கில மெழுகுதிரி எரியுது. உண்மையிலயே அந்தக்கால ஐரோப்பாவில சாதாரண வீடுகளிலயும் அப்பிடியோ? (மாணவி, கொக்குவில்)

இல்லைப் பிள்ளை. படக்காரருக்கு கமராவுக்கு வெளிச்சம் வேணும், அதுக்காகக் கொளுத்தித் தள்ளுகினம். சாதாரண வீட்டில இரவு வெளிச்சம் எண்டால் முதலாவது அடுப்பு நெருப்பு. அதுக்கு மேல ஒரு திரி எரிஞ்சால் அந்தத் திரியைச் சுத்தி முழுக் குடும்பமும் இருக்கும், நூல் நூக்கிறது, வலை பின்னுறது, கதை சொல்லுறது எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளதான். ரெண்டாவது திரி கொளுத்துறதுக்கு ஒரு காரணம் வேணும்.

மெழுகுதிரியிலயும் ரெண்டு சாதி இருந்தது. தேன்மெழுகு வாசமா, புகை குறைவா எரியும், ஆனா சரியான விலை, கோயிலுக்கும் பிரபுக்களுக்கும்தான் கட்டும். மற்றது நான் மேல சொன்ன கொழுப்பு மெழுகுதிரி, புகையும், மணக்கும், உருகி ஒழுகும். லண்டனில இந்த ரெண்டு தொழிலுக்கும் ரெண்டு தனிச் சங்கம், கொழுப்பு மெழுகுதிரிக்காரருக்கு 1462இல அரச பட்டயம் கிடைச்சது, தேன்மெழுகுக்காரருக்கு 1484இல. சாமுவேல் பீப்ஸ் எண்ட கடற்படை அதிகாரி, லண்டனில நல்ல சம்பளக்காரர், அவர் 1664 டிசம்பர் நாட்குறிப்பில எழுதுறார், கந்தோர் அறையில தேன்மெழுகுதிரி எரிச்சுப் பாக்கிறன், என்ன செலவு வருது, கொழுப்புத் திரியின்ர புகை மாதிரி இதுவும் கரைச்சல் தருதோ எண்டு பாப்பம் எண்டு. அவரைப் போல வசதியான ஆளே கணக்குப் பாத்துத்தான் எரிச்சிருக்கிறார் எண்டால் மற்றவையை யோசிச்சுப் பாரும்.

கொழுப்புத் திரி செய்யிற காலம் கார்த்திகை மாசம். பனிக்காலத்துக்கு மாட்டுக்குப் போடத் தீனி காணாது எண்டு அப்பதான் கனக்க மாடு ஆடு அடிப்பினம், இறைச்சியை உப்புப் போட்டு வைக்கிறது, கொழுப்பை உருக்கி வடிச்சு, திரியைத் தோய்க்கிறது, ஆறவிடுறது, திருப்பித் தோய்க்கிறது, இப்பிடிப் பல தரம் தோய்ச்சால்தான் ஒரு மெழுகுதிரி பருமன் வரும். பிறகு அதை மூடியிருக்கிற பெட்டிக்குள்ள போட்டுச் சுவரில தொங்கவிடோணும், இல்லாட்டி எலி திண்டுபோடும். திங்கும்தானே, அது சாப்பாட்டுச் சாமான்.

இந்த இடத்தைத்தான் நீர் வடிவா விளங்கிக்கொள்ளோணும். அந்தக்கால வெளிச்சம் சட்டிக்குள்ள இருந்து வந்தது. எரிச்ச கொழுப்பு, எரிச்ச எண்ணெய், எரிச்ச நெய் எல்லாம் வயித்துக்குள்ள போயிருக்கக்கூடிய சாமான்கள். சாப்பாடு குறைஞ்ச வீட்டில வெளிச்சமும் குறையும், இது ஐரோப்பாவிலயும் அப்பிடித்தான், எங்கட பக்கத்திலயும் அப்பிடித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாரும், அது நாங்கள் கதைக்கிற காலத்துக்கு ஐந்நூறு வருசம் முந்தினது எண்டாலும் கணக்கு அப்பிடியே தெளிவா இருக்கு, ஒரு நந்தாவிளக்கு அணையாமல் எரிய 96 ஆடு குடுக்கோணும், அதில வாற நெய் நாளுக்கு ஒரு உழக்கு. ஒரு சுடருக்குப் பின்னால ஒரு மந்தையே நிக்குது. எங்கட வீடுகளில அதால நெய்யை விட்டிட்டு இலுப்பை, வேம்பு, ஆமணக்கு எண்டு சமையலுக்குப் பெரிசாத் தேவைப்படாத எண்ணெயளை விளக்குக்கு ஒதுக்கிச்சினம், அது பெரிய கெட்டித்தனம் எண்டுதான் நான் சொல்லுவன்.

இங்கிலாந்து ஏழையளுக்கு அந்த வசதி இல்லை. அவை செய்தது கோரைத்திரி. குளத்தடியில வளர்ற கோரையைக் கோடையில வெட்டி, தண்ணியில போட்டு, பச்சைத் தோலை உரிச்சு, உள் சோத்தி உடையாமல் இருக்க ஒரு கீலம் தோலை மட்டும் விட்டு, புல்லில பரப்பிப் பனியில நனைய விட்டு, வெயிலில காயவைச்சு, கடைசியா உருக்கின கொழுப்பில தோய்க்கிறது. கில்பேட் வைற் எண்ட பாதிரியார் செல்போர்ன் எண்ட கிராமத்தில இருந்து இதையெல்லாம் பாத்து 1775இல ஒரு கடிதமா எழுதினவர், 1789இல வந்த அவரின்ர புத்தகத்தில அது இருக்கு. மனுசன் சும்மா எழுதேல்லை, அளந்திருக்கிறார். 72 சென்ரிமீற்றர் நீளக் கோரைத்திரி ஒண்டு 57 நிமிசம் எரிஞ்சுது. ஒரு றாத்தல் காய்ஞ்ச கோரையில 1600க்கு மேல எண்ணிக்கை வரும், அதைத் தோய்க்க ஆறு றாத்தல் கொழுப்பு வேணும். கால் பென்னி காசுக்கு அஞ்சரை மணித்தியால வெளிச்சம் கிடைக்கும் எண்டு கணக்குக் காட்டுறார்.

இவ்வளவும் அருமை. ஆனா பிறகு ஒண்டு சொல்லுறார், அதைத்தான் என்னால ஏற்கேலாது. மிச்சம் ஏழைப்பட்ட சனம் கோரைத்திரி செய்யாமல் ஒவ்வொரு பின்னேரமும் அரைப் பென்னிக்கு ஒரு மெழுகுதிரி வேண்டி எரிக்குதாம், காத்தடிக்கிற அவையின்ர வீட்டில அது ரெண்டு மணித்தியாலம்தான் நிக்குமாம், அதே காசுக்குப் பதினொரு மணித்தியாலம் எரிச்சிருக்கலாமாம், சிக்கனம் தெரியாததாலதான் அவை ஏழையாவே இருக்கினமாம். ஆறு றாத்தல் கொழுப்பை ஒரே தரத்தில வேண்ட அந்தச் சனத்திட்ட எங்கால காசு? பன்றி வளத்து இறைச்சி அவிக்கிற வீட்டில சட்டியில மிதக்கிற கொழுப்பு சும்மா கிடைக்கும், இறைச்சியே காணாத வீட்டில எதை வழிச்சு எடுக்கிறது? கோடையில கோரை வெட்டிக் காயவைக்க நேரம்? கூலிக்குப் போற ஆளிட்ட அண்டண்டைக் காசுதான் இருக்கும், அண்டண்டைக்குத்தான் வேண்டேலும். நாங்கள் சண்டைக் காலத்தில கால் போத்தல் மண்ணெண்ணெயை, ஒரு முழுக் கலன் வேண்டுறவன் குடுக்கிற விலையை விடக் கூடக் குடுத்து வேண்டேல்லையோ, அது எங்களுக்குக் கணக்குத் தெரியாமலோ? பாதிரியாற்றை அளவுகளை அப்பிடியே எடும் பிள்ளை, தீர்ப்பை மட்டும் விட்டுவிடும்.

1709இல இங்கிலாந்து அரசாங்கம் மெழுகுதிரிக்கு வரியும் போட்டது, அனுமதி இல்லாமல் வீட்டில மெழுகுதிரி செய்யவும் ஏலாது, 1831இலதான் அந்த வரியை எடுத்தது. கோரைத்திரிக்கு வரி இல்லை. சன்னலுக்கும் 1696 தொடக்கம் வரி, அது 1851 வரை. பகல் வெளிச்சத்துக்கும் காசு, இரவு வெளிச்சத்துக்கும் காசு.

திரி வெட்டுற கதைக்கு வாறன். இப்ப எங்கட மெழுகுதிரியின்ர திரி பின்னினது, எரியேக்க வளைஞ்சு சுடருக்கு வெளிய வந்து தானா எரிஞ்சு முடியும். அந்தப் பின்னல் திரியை 1825இல கம்பசேரெஸ் எண்ட பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தவர். அதுக்கு முந்தின திரி நேர நிண்டு கருகும், நீளும், புகை கக்கும், அரை மணித்தியாலம் கவனிக்காமல் விட்டால் வெளிச்சத்தில பெரும்பகுதி போயிடும். அதால சின்னப் பெட்டி வைச்ச ஒரு கத்தரிக்கோல் எப்பவும் பக்கத்தில இருக்கும், சில நிமிசத்துக்கு ஒருக்கா வெட்டோணும், கூட வெட்டினால் நூந்தேபோம். வாசிச்சுக்கொண்டு இருக்கிற ஆள் எத்தினை தரம் எழும்போணும் எண்டு பாரும்.

ஐரோப்பா முழுக்க மெழுகுதிரி எண்டும் நினைக்காதையும். இத்தாலி, ஸ்பெயின் பக்கம் ஒலிவ் எண்ணெய் விளக்கு, ஸ்கொட்லாந்துக் கரையில மீனெண்ணெய், ஜேர்மனி, சுவீடன், ரஷ்யா மாதிரிக் காட்டு நாடுகளில பிசின் உள்ள மரத்தைச் சீவி அந்தச் சிம்பைக் கொளுத்திச் சுவரில செருகுறது. எங்கட ஓலைச் சூளுக்குக் கிட்டத்தட்டச் சொந்தம்.

நெருப்புப்பெட்டி இல்லாமல் எப்பிடிப் பத்தவைச்சவை? (மானிப்பாய்)

முதலாவது, நெருப்பை நூக்கிறதில்லை. இரவில தணலைச் சாம்பலால மூடிவிட்டு விடிய ஊதி எடுக்கிறது, எங்கட அடுப்பிலயும் அதுதான், ஐரோப்பாவிலயும் அதுதான். நூந்துபோனால் அயலட்டையில சிரட்டையில தணல் வேண்டி வாறது. அதுவும் இல்லாட்டித்தான் சக்கிமுக்கிக் கல்லும் இரும்பும், பொறி விழுறதுக்குக் கருக்கின சீலைத்துண்டு, அதில இருந்து கந்தகம் தடவின குச்சிக்கு ஏத்துறது. ஈரக் காலத்தில இதுக்கே கனநேரம் போகும். உரசினால் பத்துற நெருப்புக்குச்சியை ஜோன் வோக்கர் எண்ட இங்கிலாந்து மருந்துக் கடைக்காரர் 1827இலதான் விக்கத் தொடங்கினவர். கடை வாசலில சுருட்டுப் பத்தவைக்கத் தும்புக் கயிறு கனன்றுகொண்டு தொங்கினதை எங்கட வயதுக்காரர் பாத்திருப்பியள், நெருப்புப்பெட்டி வந்தாப் பிறகும் அந்தப் பழக்கம் விடேல்லை.

திமிங்கில எண்ணெயில விளக்கு எரிச்சவை எண்டு பேரன் சொல்லுறான். உண்மையோ? நாங்கள் கடலில திரியிற சனம், அவ்வளவு பெரிய சீவனை விளக்குக்காகக் கொண்டவையோ? (பருத்தித்துறை)

உண்மைதான் அண்ணை, பேரன் சரியாச் சொல்லியிருக்கிறான். 1600களின்ர முற்பாதியிலயே ஒல்லாந்தர் வடதுருவப் பக்கம் ஸ்பிற்ஸ்பேர்கன் தீவுக்கூட்டத்தில ஸ்மேரன்பேர்க் எண்ட இடத்தில கரையில பெரிய பெரிய செம்புக் கிடாரம் வைச்சுத் திமிங்கிலக் கொழுப்பை உருக்கினவை. அந்த எண்ணெய் விளக்குக்கும் போனது, சவர்க்காரத்துக்கும் போனது. மணம் சரியான மோசம்.

1700களில வேற ஒரு திமிங்கிலத்தில கண் விழுந்தது, தலை பெருத்த எண்ணெய்த் திமிங்கிலம், ஆழக்கடலில திரியிறது. அதின்ர தலைக்குள்ள ஒரு திரவம் இருக்கு, ஆறினால் வெள்ளை மெழுகா இறுகும். அதில செய்த மெழுகுதிரி வெயிலுக்குக் குழையாது, மணக்காது, கொழுப்புத் திரியை விட நல்ல வெளிச்சம். அமெரிக்காவில நன்ரக்கெற் தீவுக்காரர் இதுக்காகவே வருசக்கணக்கில கடலோடினவை, 1761இல அமெரிக்க மெழுகுதிரி முதலாளிமார் சங்கம் சேர்ந்து தலை எண்ணெய்க்கு விலை பேசிக் கட்டுப்படுத்தினவை. பிறகு 1860இல இங்கிலாந்தில வெளிச்சத்தை அளக்கிறதுக்கு அளவுகோலா வைச்சதும் இந்தத் திமிங்கில மெழுகுதிரியைத்தான். எத்தினை ஆயிரம் சீவன் போனது எண்டு யோசிக்க எனக்கும் மனம் பதறுது. பிறகு மண்ணெண்ணெய் மலிவா வர, விளக்குக்காகத் திமிங்கிலம் பிடிக்கிறது மெல்ல மெல்லக் குறைஞ்சது, ஆனா வேற தேவையளுக்குப் பிடிக்கிறது நிக்கேல்லை, 1900களில இன்னும் மோசமாப் போனது.

கோயிலில தூண்டாமலே எரியிற தூண்டாமணி விளக்கு மாதிரி வெளிநாட்டில ஏதும் இருந்ததோ? (இணுவில்)

இருந்தது. 1550 அளவில கார்டானோ எண்ட இத்தாலிய வைத்தியரும் கணக்கருமான ஒருத்தர், திரியடியில எண்ணெய் குறையக் குறைய, மேல இருந்து எண்ணெய் தானா இறங்கிவாற பாத்திரம் வைச்ச விளக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனா எங்கட தீவில அதுக்கு நாநூறு வருசம் முந்தியே தெதிகமை யானை விளக்கு இருந்தது, 12ஆம் நூற்றாண்டு, யானையின்ர வயித்துக்குள்ள எண்ணெய், தட்டில எண்ணெய் மட்டம் இறங்கினால் காத்து உள்ள போய் யானையில இருந்து எண்ணெய் விழும், மட்டம் ஏறினால் நிண்டுபோம். தெதிகமை நூதனசாலையில இருக்கு, கொழும்புக்குப் போற வழியில கேகாலைப் பக்கம் திரும்பிப் பிள்ளையளுக்குக் காட்டுங்கோ.

ஒல்லாந்தர் கோட்டையைப் பாக்கேக்க எல்லாம் நினைக்கிறனான், அவையின்ர சொந்த ஊரில அப்ப தெரு லைற் இருந்ததோ? (யாழ் நகரம்)

1658இல கோட்டையைப் பறங்கியரிட்ட இருந்து பிடிச்சவை, பதினொரு வருசத்தால 1669இல ஆம்ஸ்ரடாம் நகரசபை தெரு முழுக்க எண்ணெய் விளக்குப் போட முடிவெடுத்தது. திட்டம் போட்டவர் யான் வான் டெர் ஹெய்டன், அவர் நல்ல ஓவியரும் கூட, கட்டடம் கட்டடமாச் செங்கல் தெரியக் கீறுறவர். காத்துக்கு நூராமலும் கண்ணாடியில புகை பிடிக்காமலும் காத்து உள்ள வந்து போற மாதிரி விளக்குப் பெட்டியைச் செய்தவர், மரக் கம்பத்தில ஏத்தினவை, விளக்குக் கொளுத்தவெண்டே ஆக்களைப் போட்டு, எந்த மாசம் எத்தினை மணிக்குக் கொளுத்திறது எண்டு அட்டவணை. அதே மனுசன்தான் 1672இல தீயணைக்கிற தோல் குழாயையும் செய்தவர். நெருப்பை வீதிக்கு வீதி கொண்டுவந்த ஆளே நெருப்பை அணைக்கவும் வழி தேடினது எனக்குச் சரியாப் பிடிக்கும்.

பாரிஸ் ரெண்டு வருசம் முந்திக்கொண்டது, 1667இல, ஆனா அது மெழுகுதிரி வைச்ச லாந்தரைத் தெருவுக்குக் குறுக்கால கயிறு கட்டித் தொங்கவிட்டது, ஆரம்பத்தில பனிக்காலத்தில மட்டும்தான். லண்டனில காசு வாங்கிக்கொண்டு பந்தம் பிடிச்சு வீடுவரை கூட்டிக்கொண்டு போற பெடியள் இருந்தவை. நிலவு நாளில அவைக்குப் பிழைப்பில்லை.

அந்தக்காலத்தில ஆக்கள் இரவில ரெண்டு தரமா நித்திரை கொண்டவையாமே? (சுன்னாகம்)

ரொஜர் ஏகேர்ச் எண்ட அமெரிக்க வரலாற்றாசிரியர் பழைய கடிதங்கள், வழக்குப் பதிவுகளில எல்லாம் முதல் நித்திரை, ரெண்டாம் நித்திரை எண்டு வாறதைத் தேடிச் சேர்த்து 2001இல எழுதினவர். பொழுதுபட்டுக் கொஞ்சத்தால படுத்து, நடுச்சாமத்தில ஒரு மணித்தியாலம் முழிச்சிருந்து, சாமி கும்பிட்டு, கதைச்சு, மாட்டைப் பாத்து, பிறகு திருப்பிப் படுக்கிறது. எல்லா நாட்டிலயும் எல்லாரும் அப்பிடித்தானோ எண்டு மற்ற ஆய்வாளர் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருக்கினம், நானும் அதை முழு உலகத்துக்கும் பொருத்த மாட்டன். ஆனா இருட்டு எண்டால் எல்லாரும் விடியும்வரை அடிச்சுப்போட்ட மாதிரிப் படுத்தவை எண்டு நினைக்கிறதும் பிழை. எங்கட தோட்டக்காரர் விடியச்சாமத்தில நிலவு வெளிச்சத்தில துலா மிதிச்சு இறைச்சவை, அதுக்கு எண்ணெய் செலவில்லை. நித்திரை வரேல்லை எண்டு இதைக் கேட்டிருந்தால் போனை நூத்துப்போட்டு ஒருக்கா முயற்சி செய்து பாருங்கோ.

ரீச்சர், கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில நான் ஜாம் போத்தல் விளக்கில படிச்சு ஓ.எல். எடுத்தனான். என்ர மகள் நம்பிறாளே இல்லை. அந்த விளக்கின்ர வெளிச்சம் ராசா காலத்து வெளிச்சத்தோட ஒப்பிட்டால் எப்பிடி? ஒரு திரியில நுணுக்கமான வேலை செய்யேலுமோ? (சாவகச்சேரி)

மகளுக்கு நானும் சாட்சி சொல்லுறன். ஜாம் போத்தலின்ர அடியில கொஞ்சம் மண்ணெண்ணெய், திரி போத்தலுக்குள்ளேயே எரியும், காத்துக்கு நூராது, எண்ணெயும் குறையச் செலவு, மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலத்தில அதைக் கண்டுபிடிச்ச கைக்கு நான் கும்பிடுறன். பேர் தெரியாத எங்கட சனம்தான் அது.

வெளிச்சக் கணக்கு இப்பிடி. ஒரு மெழுகுதிரிச் சுடர் கிட்டத்தட்ட 12 லூமன். இப்ப நீங்கள் வீட்டில போடுற 9 வாற்ஸ் எல்.ஈ.டி. பல்ப் ஒண்டு 800 லூமன் அளவு. எண்டால் ஒரு பல்ப்புக்கு அறுபதுக்கு மேல மெழுகுதிரி வேணும். தனித் திரி எண்டு பாத்தால் ராசா வீட்டுச் சுடருக்கும் குடியானவன்ர சுடருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, உங்கட போத்தல் விளக்கும் அந்த வரிசையிலதான். ராசாவுக்கு எண்ணிக்கைதான் கூட. வேர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபம் 1678 தொடக்கம் 1684 வரை கட்டினது, 357 கண்ணாடி பதிச்சிருக்கு, எரியிற ஒவ்வொரு சுடரையும் திருப்பித் திருப்பிக் காட்டுறதுக்கும் அது உதவினது. அதால அந்த வெளிச்சம் ஒரு விருந்துக்கு, ஒரு கொண்டாட்டத்துக்கு. மற்ற நாளில அரண்மனையிலயும் நடைபாதை இருட்டுத்தான்.

நுணுக்க வேலைக்கு வாறன். இங்கிலாந்தில பக்கிங்ஹாம்ஷயர், பெட்ஃபோட்ஷயர் பக்கம் பெண்கள் லேஸ் பின்னினவை, மயிர் மாதிரி நூல், நூற்றுக்கணக்கில ஊசி. பகல் குறைஞ்ச பனிக்காலத்திலயும் பின்னினால்தான் சாப்பாடு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மெழுகுதிரிக்கு வழியில்லை, அதால உயரமான முக்காலியில நடுவில ஒரேயொரு மெழுகுதிரி வைச்சு, அதைச் சுத்தித் தண்ணி நிரப்பின உருண்டைக் கண்ணாடிக் குடுவையளைக் கவுட்டு வைப்பினம். குடுவை வெளிச்சத்தைக் குவிச்சு ஒரு சின்னப் பொட்டா விழுத்தும், அந்தப் பொட்டு விழுற இடத்தில தலையணையை வைச்சுப் பின்னுறது. ஒரு மெழுகுதிரியைச் சுத்திப் பல பேர் இருக்கலாம், கிட்டத்தில இருக்கிற இடம் நல்ல கைகாரிக்கு, தூர இருந்தால் வெளிச்சமும் குறைவு, பின்னுற அளவும் குறையும், கூலியும் குறையும். கண் கெட்டுப்போனவை கனபேர். அவை பின்னின லேஸ் போய்ச் சேர்ந்தது அந்த விருந்து மண்டபத்துக்குத்தான்.

மகளுக்குக் காட்டுறதுக்கு லேசான வழி இருக்கு. கடையில உருண்டை வயித்துக் கண்ணாடிப் போத்தல் ஒண்டு எடுத்து முட்டத் தண்ணி விட்டு மூடுங்கோ, லைற்றை எல்லாம் நூத்துப்போட்டு மெழுகுதிரியைப் போத்தலுக்கு ஒரு சாண் தள்ளி வைச்சு, மற்றப் பக்கம் புத்தகத்தைப் பிடிச்சுக் கிட்டக்கிட்டக் கொண்டுபோங்கோ, ஒரு இடத்தில எழுத்துப் பளிச்செண்டு தெரியும். அதில ஊசிக்கு நூல் கோக்கச் சொல்லுங்கோ. மெழுகுதிரியைத் தட்டிவிடாமல் நீங்களும் பக்கத்தில இருங்கோ.